வெறுங்கை நாள்

அந்த ஆய்வகத்தில் அவளுக்கு ஸ்பிரே அக்கா என்று பெயர். வேறு பெயர் ஒன்று அடையாள அட்டையில் இருந்தது. அதைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அவளே ஒரு நொடி யோசித்துத்தான் திரும்புவாள். செல் வளர்க்கும் அறைக்குள் எது நுழைந்தாலும் ஆல்கஹாலைப் பீய்ச்சித் துடைக்காமல் விடமாட்டாள். பாட்டில், தட்டு, பேனா, சாவிக்கொத்து, எதுவானாலும் சரி. ஒருமுறை மேனேஜர் உள்ளே வந்து எதையோ காட்டுவதற்காகக் கையை நீட்டினார். நீட்டிய கையிலேயே அடித்துவிட்டாள்.

“நல்லவேளை, நான் வாயைத் திறக்கல,” என்றார் மேனேஜர்.

பாட்டில் கழுவ வந்தவள் அவள். பள்ளிப்படிப்பு முடித்த கையோடு வந்து சேர்ந்து, இரண்டு வருடம் கழுவிக்கொண்டே கண்ணாடிச் சுவர் வழியாக உள்ளே நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் உள்ளே ஆள் குறைந்தபோது, “தட்டுல மீடியா மாத்தத் தெரியுமா?” என்று யாரோ விளையாட்டுக்குக் கேட்டார்கள். மாற்றிக் காட்டினாள். அதன் பிறகு அவளை வெளியே அனுப்பவில்லை. அதெல்லாம் நடந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது.

வேலை இதுதான். மருந்துக்கு வேண்டிய புரதத்தைச் சுரக்கும் செல்களைத் தட்டுகளில் வளர்க்க வேண்டும். இரண்டு நாளைக்கு ஒருமுறை அவற்றின் உணவான மீடியாவை மாற்ற வேண்டும். பெருகியதும் விரல் நுனி அளவுக் குப்பிகளில் அடைத்து, நைட்ரஜன் தொட்டியில் உறைய வைக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பூஞ்சைத் துகள் ஒன்று விழுந்தால் போதும், ஆறு வாரத்து உழைப்பு மூன்றே நாளில் பஞ்சு பூத்துப் போய்விடும். அவள் கை பட்ட தட்டில் மூன்று வருடமாகப் பூஞ்சை இல்லை. அதற்கு ஒரு கோப்பை கொடுத்தார்கள். தட்டுகளை உடல்சூட்டில் வைத்து வளர்க்கும் இன்குபேட்டர் பக்கத்தில் அவளை நிறுத்திப் படம் எடுத்து, கம்பெனியின் இணையப் பக்கத்தில் போட்டார்கள். வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கும் மகள் அதைப் பார்த்துவிட்டுப் போன் செய்தாள்.

“ஏம்மா, ஸ்கூல் குரூப் போட்டோவுக்கு நிக்கிற மாதிரி நிக்கிற?”

“சிரிச்சுட்டுத்தானடி நிக்கிறேன்.”

“அதான் பயமா இருக்கு.”

கணவன் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்கக் கிரீஸில் கிடந்துவிட்டு வருகிறவன், வாசலிலேயே செருப்பு, சட்டை, பை மூன்றையும் கழற்றி அவள் சொன்ன இடத்தில் வைத்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். “இந்த வீட்டுக்குக் கிருமி வாடகைக்குக் கேட்டாக்கூட கிடைக்காது,” என்பான்.

செல் அறையில் ஆறு பேர். பதிவு ஏற்ற ஆறு பேருக்கும் ஒரே கம்ப்யூட்டர். எல்லாரும் ஹூட் முன்னால் உட்கார்ந்து வேலை செய்வார்கள். முன்பக்கம் கண்ணாடி இறக்கிய, உள்ளே வடிகட்டிய காற்று வீசுகிற பெட்டி அது. கண்ணாடிக்கு அடியில் கையை விட்டு வேலை செய்ய வேண்டும். கையுறை போட்ட கையால் கீபோர்டைத் தொடக் கூடாது. தொட்டால் அந்தக் கையுறையைக் கழற்றி, கை கழுவி, புதிதாகப் போட்டு, மறுபடி ஆல்கஹால் அடிக்க நாலு நிமிடம் ஆகும். ஆனால் ஒவ்வொரு தட்டுக்கும் பதிவு உண்டு. எந்தத் தட்டு, எத்தனை செல், எந்தக் குப்பி, தொட்டியில் எந்த அடுக்கு என்று எல்லாவற்றையும் அவரவர் கணக்கில் நுழைந்து ஏற்ற வேண்டும்.

அதனால் ஒரு வழக்கம் வந்தது. யார் கொண்டுவந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு நாளும் ஒருவர் கையுறை போடாமல் இருப்பார். அவருக்கு அன்றைக்கு வெறுங்கை நாள். போன் எடுப்பது, கதவு திறப்பது, ஐந்து பேரின் பதிவுகளையும் அவரவர் பெயரில் ஏற்றுவது எல்லாம் வெறுங்கைக்காரர் பொறுப்பு. ஹூட்டுக்குள் கையை விட்டபடியே பாஸ்வேர்டைக் கத்திச் சொல்வார்கள். நாளாக ஆகக் கத்தவும் தேவைப்படவில்லை.

ஆறு பேரின் பாஸ்வேர்டும் ஸ்பிரே அக்காவுக்கு மனப்பாடம். அதை வைத்தே வீட்டு நடப்பும் தெரியும். மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காதவன் ஒருவன் இருந்தான். லென்ஸ் என்று கூப்பிடுவார்கள். அவன் பாஸ்வேர்டு ஒன்றரை வருடம் ஒரு பெண்ணின் பெயராக இருந்தது. ஒரு திங்கட்கிழமை அது கெட்ட வார்த்தையாக மாறியது. அக்கா ஒன்றும் கேட்காமல் தட்டினாள்.

“எழுத்துப்பிழை இல்லாம போட்டீங்களா அக்கா?” என்றான் லென்ஸ்.

“எனக்கும் பள்ளிக்கூடத்துல சொல்லிக் கொடுத்திருக்காங்கடா.”

முணுமுணு என்று எல்லாரும் கூப்பிடுகிறவள் ஒப்பந்தத்தில் வந்தவள். இரண்டு வருடம் ஆகிறது. பிப்பெட்டில் மீடியாவை உறிஞ்சிக் குழி குழியாக விடும்போது உதட்டுக்குள் எண்ணிக்கொண்டே இருப்பாள். இடையில் யாராவது பேசினால் எண்ணிக்கை கலைந்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டிவரும். அவள் எண்ணும்போது யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை. அவளுடைய பாஸ்வேர்டு இறந்துபோன அப்பாவின் ஸ்கூட்டர் நம்பர். முதல் தடவை அதைக் கத்தவில்லை. எழுந்து வந்து, அக்காவின் காதருகே குனிந்து சொன்னாள். “வண்டிய வித்துட்டோம் அக்கா. நம்பர் மட்டும் இருக்கட்டும்னு.”

வருடத்துக்கு ஒருமுறை தலைமை அலுவலகத்திலிருந்து கணினிப் பாதுகாப்புப் பாடம் ஒன்று வரும். பத்துப் பக்கம் படிக்க வேண்டும், பத்துக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். இந்த வருடம் அது வந்தது ஸ்பிரே அக்காவின் வெறுங்கை நாளில். “நாளைக்குத் தணிக்கை. சாயங்காலத்துக்குள்ள எல்லாரும் முடிச்சிருக்கணும்,” என்று மேனேஜர் கண்ணாடிக்கு வெளியிலிருந்து சொல்லிவிட்டுப் போனார்.

எல்லார் கையும் ஹூட்டுக்குள் இருந்தது. முதலில் தன் பெயரில் ஒழுங்காகப் படித்து எழுதினாள். பிறகு முணுமுணுவின் பெயரில். அப்புறம் மற்ற நாலு பேர். கேள்விகள் ஒன்றேதான். மூன்றாவது ஆளுக்கு வரும்போது படிக்க வேண்டியிருக்கவில்லை.

“அக்கா, எனக்கு ஒன்னு ரெண்டு தப்பாப் போடுங்க. நம்ப வேணாமா?” என்றான் லென்ஸ்.

தப்பாகப் போட அவளுக்குக் கை வரவில்லை. ஆறு பேரும் பத்துக்குப் பத்து. ஆறு சான்றிதழ்களை அச்செடுத்து, ஒவ்வொன்றையும் உறையில் போட்டு, உறைமேல் ஆல்கஹால் அடித்துத் துடைத்து அவரவர் மேசையில் வைத்தாள்.

அந்தப் போன் வந்தது ஒரு மாதம் கழித்து, செவ்வாய்க்கிழமை. காலை பதினொன்றே கால் இருக்கும். அன்றைக்கும் அவளுக்கு வெறுங்கை.

“வணக்கம் சகோதரி. இன்குபேட்டர் சர்வீஸ்லேர்ந்து பேசுறேன். உங்க ரெண்டாம் நம்பர் மெஷின்ல கார்பன் டை ஆக்சைடு ஏறி இறங்குதுன்னு எங்களுக்குக் காட்டுது.”

அவள் திரும்பிப் பார்த்தாள். மெஷினின் முகப்பில் அளவு சரியாக ஐந்து என்று இருந்தது.

“இங்க அஞ்சுன்னுதானே காட்டுது.”

“அதான் சகோதரி பிரச்சினை. சென்சார் பொய் சொல்லுது. அது போன மாசமே சரிபார்த்திருக்கணும், தேதி தாண்டிடுச்சு.” மெஷினின் வரிசை எண்ணைத் தயங்காமல் சொன்னான். பன்னிரண்டு இலக்கம். ஒன்றுகூடப் பிசகவில்லை. “தயவுசெஞ்சு கதவைத் திறந்து பாத்துடாதீங்க. உள்ள இருக்கிறதுங்க பாவம். நான் இங்கேருந்தே சரி பண்ணிடுறேன்.”

அந்த ஒரு சொல்லில் விழுந்தாள். கதவைத் திறக்காதே என்று செல் வளர்ப்பவர்கள்தான் சொல்வார்கள். மேனேஜருக்கே அது தெரியாது. விருந்தாளி வந்தால் திறந்து காட்டுவார்.

அவன் சொன்ன முகவரியை இன்குபேட்டர்களைக் கவனிக்க மட்டும் வைத்திருந்த இன்னொரு கம்ப்யூட்டரில் தட்டினாள். ஏதோ ஒரு சின்ன நிரல் இறங்கியது. அதை அனுமதிக்கப் பாஸ்வேர்டு கேட்டது. அவளுடையது அன்று காலையில்தான் காலாவதியாகியிருந்தது. மாற்றலாம் என்றால் மொபைலுக்கு எண் வரும். மொபைல் வெளியே லாக்கரில். முணுமுணுவின் பக்கம் பார்த்தாள். கை இரண்டும் ஹூட்டுக்குள் இருந்தன. உதடு அசைந்துகொண்டிருந்தது. பதினேழு, பதினெட்டு. தட்டின் குழிகள் முடிய, தொண்ணூற்றாறு வரைக்கும் போக வேண்டும். கலைக்க மனம் வரவில்லை. ஸ்கூட்டர் நம்பரைத் தட்டினாள்.

“எங்க பக்கமும் கேக்குது சகோதரி. ஒருதடவை சொல்லிடுங்க.”

குரலைத் தாழ்த்திச் சொன்னாள். எண்ணிக்கை கலையக் கூடாதே என்று.

“ரொம்ப நன்றி. உங்கள மாதிரி கவனமானவங்க நாலு பேர் இருந்தா எங்க வேலை பாதியாக் குறைஞ்சிடும்.”

சாயங்காலம் வீட்டில் கணவனிடம் இதைச் சொன்னாள். மெஷின் கம்பெனிக்காரர் தன்னைப் பாராட்டியதை மட்டும்.

“எங்க கம்பெனில பாராட்டினா மறுநாள் எட்டாவது மாடில வேலை குடுப்பான். பாத்துக்க,” என்றான் அவன்.

வியாழக்கிழமை காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தபோது பதிவுகள் ஒன்றும் இல்லை. கோப்புகளின் பெயர்கள் எல்லாம் புரியாத எழுத்துகளாகக் கிடந்தன. நடுவில் ஒரு கடிதம். எல்லாவற்றையும் பூட்டிவிட்டோம், திறக்க வேண்டுமானால் தொடர்புகொள்ளவும் என்று மிக மரியாதையாக எழுதியிருந்தது.

தொட்டியில் குப்பிகள் பத்திரமாக இருந்தன. எந்தக் குப்பி எது என்ற பட்டியல்தான் பூட்டிக்கொண்டது. குப்பிமேல் ஒரு சின்ன எண் மட்டும் இருக்கும். அந்த எண்ணுக்கு என்ன செல், எத்தனையாவது தலைமுறை, யார் உறைய வைத்தது, எல்லாம் கம்ப்யூட்டருக்குத்தான் தெரியும். நாலு மாதத்துக்கு முந்தியவற்றுக்கு அச்செடுத்த பட்டியல் இருந்தது. அதன் பிறகு வைத்தவை முன்னூற்றுப் பன்னிரண்டு.

“ஹூட் கண்ணாடில மார்க்கர்ல எழுதி வச்சிருப்போமே,” என்றான் லென்ஸ். சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. தினமும் சாயங்காலம் அந்தக் கண்ணாடியை ஆல்கஹால் அடித்துப் பளிச்சென்று துடைப்பவள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவன் சிரிக்க முயன்று, விட்டுவிட்டான்.

கம்ப்யூட்டரைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு நொடிகூடச் சந்தேகம் இல்லை. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். அதற்குள் மேனேஜர், “முணுமுணு கணக்குலேர்ந்துதான் வந்திருக்கு,” என்றார். எல்லாரும் முணுமுணுவைப் பார்த்தார்கள். ஸ்பிரே அக்காவும் பார்த்தாள். அந்தப் பார்வையோடு வாய் மூடிக்கொண்டது.

வெள்ளிக்கிழமை காலை தலைமை அலுவலகத்திலிருந்து கணினிப் பாதுகாப்பு அதிகாரியான ஒரு அம்மா வந்தார். ஐம்பது வயதிருக்கும். குரலை உயர்த்தாமல் பேசினார். ஆறு பேரையும் கூட்ட அறையில் உட்காரவைத்தார்.

“பொதுவா ஒரு மெயில்லேர்ந்துதான் ஆரம்பிக்கும்,” என்றார் முணுமுணுவிடம். “பார்சல் வந்திருக்கு, பில் பாருங்க, அந்த மாதிரி எதையாவது திறந்தீங்களா?”

“இல்லைங்க.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. திட்டுறதுக்குக் கேக்கல.”

“எதுவும் திறக்கலைங்க.”

“உங்க பாஸ்வேர்டு வேற யாருக்காவது தெரியுமா?”

அறையில் ஐந்து பேர் மேசையைப் பார்த்தார்கள். முணுமுணு தலையைத் தூக்கி ஸ்பிரே அக்காவை ஒருமுறை பார்த்தாள். குற்றம் சாட்டுகிற பார்வை இல்லை அது. சொல்லலாமா அக்கா என்று அனுமதி கேட்கிற பார்வை.

ஸ்பிரே அக்கா தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

“தெரியாதுங்க,” என்றாள் முணுமுணு.

அந்த அம்மா ஒரு தாளை எடுத்தார். சான்றிதழ். “போன மாசம்தான் பாடம் முடிச்சிருக்கீங்க. பத்துக்குப் பத்து. ஏழாவது கேள்வி என்னன்னு ஞாபகம் இருக்கா?”

பார்க்காத கேள்வியை முணுமுணு எப்படிச் சொல்வாள்.

“ஆறு பேரும் பத்துக்குப் பத்து. ஒரே கம்ப்யூட்டர்ல, ஒரே நாள்ல. அவங்கவங்களேதான் எழுதினீங்களா?”

“ஒரே கம்ப்யூட்டர்தான் மேடம் இருக்கு,” என்றார் மேனேஜர் அவசரமாக. ஆறு தலைகள் ஆமாம் என்று ஆடின.

பிறகு ஒவ்வொருவரையும் தனியாக அழைத்துக் கேட்டார். ஸ்பிரே அக்காவிடம், இந்த வாரம் வழக்கத்துக்கு மாறாக ஏதாவது நடந்ததா, யாராவது வந்தார்களா, போன் ஏதாவது வந்ததா என்று கேட்டார்.

“போன்... ஞாபகம் இல்லைங்க.”

இருபத்திரண்டு வருடத்தில் எந்தத் தட்டு எந்த நாளில் மீடியா கேட்கும் என்பதைக் குறிப்பைப் பார்க்காமல் சொல்கிறவள். ஞாபகம் இல்லை என்று அந்தச் சுவர்களுக்குள் அவள் சொன்னது அதுதான் முதல் தடவை.

நாலு மணிக்கு முணுமுணுவின் நுழைவு அட்டையை வாங்கிக்கொண்டார்கள். முடிவு தெரியும்வரை வரவேண்டாம் என்றார்கள். ஒப்பந்தம் புதுப்பிக்க இன்னும் மூன்று வாரம் இருந்தது. முடிவு என்னவாக இருக்கும் என்று எல்லாருக்கும் தெரிந்தது. இந்த விஷயம் தாளில் ஏறினால் வேறு எந்த ஆய்வகமும் அவளைச் சேர்க்காது என்பதும் தெரிந்தது. லாக்கரைக் காலி செய்யும்போது ஸ்பிரே அக்கா பக்கத்தில் நின்றாள். பையைப் பிடித்துக்கொண்டாள். அதைத் தவிர ஒன்றும் செய்யவில்லை.

வீட்டில் கணவன் கேட்டான். “அன்னைக்கு ஒருத்தன் போன்ல உன்னப் பாராட்டினான்னு சொன்னியே. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குமோ?”

“அது வேற.”

“இல்ல, எங்க வேலையில கூட, முன்னப்பின்ன தெரியாதவன் வந்து...”

“அது வேறன்னு சொல்றேன்ல.”

அவன் தட்டை எடுத்துப் போய்க் கழுவி வைத்தான். அவள் அதை எடுத்து மறுபடி கழுவினாள்.

சனிக்கிழமை காலை மொபைலில் ஒரு செய்தி வந்தது. முணுமுணுவிடமிருந்து.

‘அக்கா, மூணாம் இன்குபேட்டர்ல என்னோட பன்னெண்டு தட்டு இருக்கு. இன்னைக்கு மீடியா மாத்தணும். விட்டா செத்துடும். யாராவது போவாங்களா?’

படித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். வெளியே அனுப்பப்பட்டவள் தட்டுகளைப் பற்றி எழுதியிருக்கிறாள். திட்டி எழுதியிருந்தால் தாங்கியிருக்கலாம்.

விடுமுறை நாளில் செல் அறையில் யாரும் இல்லை. பன்னிரண்டு தட்டுகளுக்கும் மீடியா மாற்றினாள். பதிவு செய்ய வெறுங்கைக்காரர் யாரும் இல்லை. கையுறையைக் கழற்றி, கை கழுவி, தற்காலிகமாகக் கொடுத்திருந்த மடிக்கணினியைத் திறந்தாள். பாதுகாப்புப் பாடத்தை எல்லாரும் மறுபடி எழுதிய பிறகுதான் உள்ளே விடுவோம் என்று அது சொன்னது. கேள்விகள் அதே கேள்விகள். ஏழாவதுக்கு வந்தாள்.

உங்கள் ஆய்வகக் கருவியின் நிறுவனத்திலிருந்து அழைப்பதாக ஒருவர் சொல்கிறார். கருவியின் எண்ணைச் சரியாகக் கூறுகிறார். அவசரம் என்கிறார். பாஸ்வேர்டு கேட்கிறார். என்ன செய்வீர்கள்?

மூன்றாவது பதில்தான் சரி. போனை வைத்துவிட்டு, நிறுவனத்தின் எண்ணை நானே எடுத்து அழைத்து விசாரிப்பேன். ஒரு மாதம் முன்னால் ஆறு தடவை அதைத் தொட்டிருந்தாள். முதல் தடவை படித்தாள். இரண்டாவது தடவை முணுமுணுவின் பெயரில், பாதி படித்தாள். மற்ற நாலு தடவை மூன்று என்ற எண் மட்டும்தான் தெரிந்தது.

மடிக்கணினியை மூடாமல் எழுந்தாள். மேனேஜர் அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்த அம்மாவும் மேனேஜரும் இருந்தார்கள்.

“அந்தப் போன நான்தான் எடுத்தேன்,” என்றாள் வாசலில் நின்றபடியே.

“எந்தப் போன்?” என்றார் மேனேஜர்.

சொன்னாள். தொடங்கியபின் நிறுத்த முடியவில்லை. போன், முகவரி, ஸ்கூட்டர் நம்பர், வெறுங்கை நாள், ஆறு சான்றிதழ். சான்றிதழ் என்ற சொல்லைக் கேட்டதும் மேனேஜர் எழுந்துவிட்டார்.

“அக்கா, நீங்க ரெண்டு நாளா சரியாச் சாப்பிட்டிருக்க மாட்டீங்க. வீட்டுக்குப் போங்க. திங்கக்கிழமை நிதானமாப் பேசலாம்.”

“சாப்பிட்டேன் சார். அதுதான் கேவலம். ரெண்டு நாளும் நல்லாச் சாப்பிட்டேன்.”

“உக்காருங்க,” என்றார் அந்த அம்மா. மேனேஜரையும் உட்காரச் சொன்னார். எத்தனை மணி, என்ன சொன்னான், எந்த முகவரி என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். கருவியின் எண் அவனுக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை. அந்த அம்மா கம்பெனியின் இணையப் பக்கத்தைத் திறந்து, ஒரு படத்தைப் பெரிதாக்கித் திரையைத் திருப்பினார். கோப்பையோடு ஸ்பிரே அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். தோளுக்குப் பக்கத்தில் இன்குபேட்டரின் ஒட்டுச்சீட்டு. பன்னிரண்டு இலக்கமும், சரிபார்க்க வேண்டிய தேதியும் கண்ணாடி போடாமலே படிக்க முடிந்தது. படத்துக்காக அன்று காலையில் அந்த ஒட்டுச்சீட்டையும் அவள் துடைத்திருந்தாள்.

அந்த அம்மா போனை எடுத்து யாரிடமோ பேசினார். இன்குபேட்டர் கம்ப்யூட்டரின் இணைப்பை உடனே பிடுங்கச் சொன்னார். வைத்துவிட்டு ஸ்பிரே அக்காவின் பக்கம் திரும்பினார்.

“மெயில்லேர்ந்து வந்ததுன்னு நினைச்சு அந்தப் பொண்ணோட மெயிலையும் பதிவு ஏத்துற கம்ப்யூட்டரையும்தான் மூடி வச்சோம். இன்குபேட்டரோடது ஓடணுமேன்னு விட்டுட்டோம். அவன் உள்ளேயேதான் இருந்திருக்கான்.”

“இப்ப இணைப்ப எடுத்தாச்சுல்லங்க?” என்றாள் ஸ்பிரே அக்கா.

“உங்க பட்டியலுக்கு ஒரு நகல் இருந்துச்சு. வேற இடத்துல. நேத்து மத்தியானம் ரெண்டு மணிக்கு அதையும் பூட்டிட்டான்.” குரல் மாறாமலேயே சொன்னார். “போன்ல ஏமாந்தது யாருக்கும் நடக்கும். நானே ஒருதடவை ஏமாந்திருக்கேன். நேத்துக் காலைல நான் கேட்டப்பச் சொல்லியிருந்தீங்கன்னா நகல் மிஞ்சியிருக்கும்.”

நேற்று மத்தியானம் இரண்டு மணிக்கு அவள் எங்கே இருந்தாள் என்று யோசித்துப் பார்த்தாள். ஹூட் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை விஷயம் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. ஆறு பேருக்கும் எச்சரிக்கைக் கடிதம். மேனேஜருக்கும் ஒன்று. ஸ்பிரே அக்காவின் கடிதம் மட்டும் இரண்டு பக்கம். செல் அறைக்குள் மூன்று மாதம் அவள் நுழையக் கூடாது. சாப்பாட்டு அறையில் அவள் வந்ததும் பேச்சு நின்றது.

லென்ஸ்தான் கடைசியில் பேசினான். “உங்க விஷயத்தைச் சொன்னது சரி. எங்களையும் ஏன் இழுத்தீங்க?”

“தனியாப் பிரிச்சுச் சொல்ல வரலடா.”

“ஆறு பேருக்கும் சேர்த்து எழுதினீங்க. ஆறு பேருக்கும் சேர்த்து ஒப்புக்கிட்டீங்க. பெரிய மனசுதான்.” டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு எழுந்து போனான்.

கணவனிடம் அன்று சாயங்காலம் சொன்னாள். அவன் சட்டையைக் கழற்றிக்கொண்டே வாசலில் நின்று முழுவதும் கேட்டான். “என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்,” என்றான். கோபமாக இல்லை. அவளுக்கு அது கோபத்தைவிட அதிகமாகப் பட்டது.

முணுமுணுவைத் திரும்ப அழைத்தார்கள். புதன்கிழமை வந்தாள். பட்டியல் இல்லாத முன்னூற்றுப் பன்னிரண்டு குப்பிகளையும் வெளியே எடுத்து, எண்ணைப் படித்து, பழைய தாள் குறிப்புகளோடு ஒப்பிட்டு, தெரிந்தவரை எழுத வேண்டும். தெரியாதவற்றை உருக்கித்தான் பார்க்க வேண்டும். உருக்கியதை மறுபடி அப்படியே வைக்க முடியாது. அந்த வேலைக்கு இரண்டு பேரைப் போட்டார்கள். உறைய வைத்ததில் பாதி முணுமுணு, மீதியில் பெரும்பகுதி ஸ்பிரே அக்கா. வேறு யாரைப் போட முடியும்.

நைட்ரஜன் அறை சின்னது. தொட்டியின் மூடியைத் திறந்ததும் வெள்ளைப் புகை விளிம்பில் வழிந்து இருவர் காலையும் மூடியது. தடித்த நீலக் கையுறை போட்டு ஸ்பிரே அக்கா அடுக்கைத் தூக்கினாள். இடுக்கியால் ஒரு குப்பியைப் பிடித்து, மேலிருந்த பனியைத் துடைத்து, எண்ணைப் படித்தாள். முணுமுணு நோட்டில் எழுதினாள். நாற்பது குப்பிவரை எண்களைத் தவிர வேறு பேச்சு இல்லை.

“தட்டு பன்னெண்டும் பிழைச்சிடுச்சு,” என்றாள் ஸ்பிரே அக்கா.

“பாத்தேன்.”

“நீ அன்னைக்கு என்னப் பாத்த. நான் பாக்காத மாதிரி இருந்தேன்.”

முணுமுணு நோட்டில் ஒரு கோடு போட்டாள். “நீங்க போன்ல பேசினது எனக்குக் கேட்டுச்சு. எண்ணிட்டே இருந்தாலும் காது இருக்கும்ல. என்ன பேசினீங்கன்னு தெரியாது. ஆனா வெள்ளிக்கிழமை ராத்திரிக்குள்ள நீங்களே சொல்லிடுவீங்கன்னு எங்க அம்மாகிட்ட சொன்னேன். அம்மா நம்பல. நீங்க அப்படிப்பட்டவங்க இல்லன்னு சண்டை போட்டேன்.”

ஸ்பிரே அக்கா அடுத்த குப்பியை எடுத்தாள். அதன்மேலும் பனி மூடிக்கொண்டது. துடைத்தாள்.

“நான் மெசேஜ் அனுப்பலன்னா,” என்றாள் முணுமுணு, “திங்கக்கிழமை சொல்லியிருப்பீங்களா?”

ஆமாம் என்று சொல்ல ஒரு நொடி போதும். முணுமுணு அதை நம்பியும் இருப்பாள். தன் அம்மாவிடம் போய்ச் சொல்லியும் இருப்பாள்.

“தெரியல,” என்றாள் ஸ்பிரே அக்கா.

முணுமுணு அவளைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். இடுக்கியின் நுனியில் குப்பி லேசாக வெண்மை இழக்கத் தொடங்கியது.

“உருகுது,” என்றாள் முணுமுணு. “நம்பரச் சொல்லுங்க மேடம்.”